பள்ளமும் பள்ளெமும்



சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், சூலூர்ப்பேட்டையைக் கடந்து நாயுடுபேட்டையை அடைவர். திருக்காளத்திக்கும் திருப்பதிக்கும் மேற்கே சாலை பிரிவது இவ்வூரில்தான். 2022ஆம் ஆண்டில் உருவான திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது இது. அருகே ஓடும் சுவர்ணமுகி, நம் முன்னோர் பொன்முகலி என்று போற்றிய ஆறேயாகும்.

மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் நாம், மாற்றல் பெற்றுக் குடும்பத்துடன் இங்கு வந்து சேர்ந்தோம். ஒரு மொழியின் கருத்தை மறுமொழியில் ஏற்றி வைப்பது நமது தொழில். ஆயினும், பன்னிரண்டு வயதுப் புதல்வன் மாலைதோறும் சன்னலருகே வாளாவிருந்தபோது, அவனது மௌனத்தை நம்மால் பெயர்க்க இயலவில்லை. அவனுக்குத் தெலுங்கு தெரியாது. தெருச் சிறுவருக்குத் தமிழ் தெரியாது. "இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள், அப்பா?" என்று ஒருநாள் கேட்டான். வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களில் பலர் இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள்.

அவ்வமயம் அவன் தாய்மாமன் சென்னையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சென்னைக் கடற்கரை மணலில் இளைஞர் இத்தகைய வட்டைக் கைமாற்றிக் குழுவாய் விளையாடுவதை உங்களில் சிலர் கண்டிருக்கலாம். அதனினும் எளிய ஆட்டம் ஒன்றுண்டு; ஆங்கிலத்தில் அதனை 'டிஸ்க் கோல்ஃப்' என்பர். கோல்ஃபைக் குழிப்பந்தாட்டம் என்று நாம் பெயர்த்து வழங்குகிறோம். இவ்வாட்டத்திலோ குழியுமில்லை, பந்துமில்லை! பெயர் சூட்டுவதிலேயே நமது தொழில் தோற்றது.

ஆட்டத்தின் முறை இதுதான். குறித்த இடத்தில் நின்று வட்டை இலக்கு நோக்கி எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிய வேண்டும். ஒன்பது அல்லது பதினெட்டு இலக்குகளையும் மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவரே வென்றவர். வலிமையைவிடச் சுழற்சியே இதில் முக்கியம். நன்கு சுழலும் வட்டு சாயாமல் மிதந்து செல்லும். வேகம் குன்றியதும் ஒருபுறம் வளைந்து இறங்கும். அந்த வளைவை முன்னறிந்து எறிவதில்தான் திறமை இருக்கிறது.

1926ஆம் ஆண்டிலேயே கனடா நாட்டின் பிளாட்வொர்த் என்னும் சிற்றூரில், பள்ளிச் சிறுவர் தகர மூடிகளை எறிந்து இவ்வாறு விளையாடினர். 1975ஆம் ஆண்டில் எட் ஹெட்ரிக் என்பவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓக் குரோவ் என்னும் பொதுப்பூங்காவில் முதல் நிலையான ஆடுகளத்தை அமைத்தார். கம்பத்தில் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அடியில் கூடை பொருத்திய இலக்கும் அவர் கண்டதே. 2002ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அவரது விருப்பப்படியே, அவருடைய சாம்பலைக் கலந்து வட்டுகள் வார்த்தனர் என்பது வியப்பான செய்தி.

நம் குடியிருப்பை அடுத்த பூங்காவில் கூடையுமில்லை, சங்கிலியுமில்லை. வேம்பு, புங்கு, விளக்குக் கம்பம் என ஒன்பது இலக்குகளைக் குறித்துக்கொண்டோம். உலாவ வருவோர் கடந்து சென்ற பின்னரே எறிய வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தோம். இரண்டாம் நாளே தெருச் சிறுவர் நால்வர் வந்து சேர்ந்தனர்.

தொல்லையும் உடன் வந்தது. புதல்வனின் மூன்றாம் எறியில் வட்டு கம்பத்தைத் தொட்டது. கணக்கு வைத்திருந்த சிறுவன் உரக்க, "மூடு!" என்றான். நம் மகனின் முகம் சிவந்தது. "என்னை ஏன் வாயை மூடச் சொல்கிறான்?" என்று கூறி, வட்டை அங்கேயே விட்டுவிட்டு வீடு நோக்கி நடந்தான். தெலுங்கில் 'மூடு' என்றால் மூன்று என்பதை அறிந்த நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். விளக்கிச் சொன்ன பின்னும் அவன் சிரிக்கவில்லை. சிறுவனின் சொல்லைவிடத் தந்தையின் சிரிப்பே அவனை வருத்தியது என்பதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தோம். மூன்று நாள் அவன் பூங்காவின் பக்கம் செல்லவில்லை.

நான்காம் நாள் மாலை அந்தச் சிறுவன் வட்டுடன் நம் வாயிலில் வந்து நின்று, "பள்ளெம்" என்றான். புதல்வன் திடுக்கிட்டுத் தெருவை நோக்கி, "எங்கே பள்ளம்?" என்றான். வந்தவன் விழித்தான், பின்பு கையிலிருந்த வட்டைத் தட்டிக் காட்டி, "பள்ளெம், பள்ளெம்" என்றான். தெலுங்கில் பள்ளெம் என்பது தட்டு. நாம் இம்முறை சிரிக்கவுமில்லை, விளக்கவுமில்லை, வாளாவிருந்தோம். நம் மகன் வட்டை வாங்கிக்கொண்டான். சற்றுத் தயங்கி, மூன்று விரலை உயர்த்தி, "மூடு" என்றான். இருவரும் நகைத்தபடி ஓடினர்.

இவ்வாட்டத்தில் நடுவர் இல்லை. அவரவர் எறியை அவரவரே நேர்மையாக எண்ணிச் சொல்ல வேண்டும். சென்ற வாரம் புதர் மறைவில் அவன் எறிந்து தவறியதை எவரும் காணவில்லை. எல்லோரும் மூன்று என்றே எண்ணினர். அவனோ தலையை அசைத்து, "நாலுகு" என்று திருத்தினான்.

நேயர்களே, அயல்மொழியில் முதலில் கற்கத்தக்க சொற்கள் யாவை என்று பலரும் நம்மை வினவுவதுண்டு. எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள் என்போம் இனி. பிள்ளைகளை அருகிலுள்ள பூங்காவிற்கு அனுப்புங்கள். கையில் ஒரு தகர மூடி இருந்தாலும் போதும். பெயர்ப்புப் பணியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.