வாசலுக்கு வரும் கிண்ணம்

உணவு மனிதர்களை ஒன்றுசேர்க்கிறதா என்பது இன்றைய கேள்வி. துருக்கியில் ‘ஆஷுரே’ என்னும் இனிப்பை வைத்துச் சொல்கிறேன்.

வெள்ளம் வடிந்து நூஹ் நபியின் கப்பல் தரை தட்டியபோது, மூட்டைகளில் மிஞ்சிய தானியம், பயறு, உலர்ந்த பழம் யாவற்றையும் ஒரே பானையில் போட்டுச் சமைத்தார்கள் என்பது அங்கு வழங்கும் கதை. வேதத்தில் உள்ளதல்ல, மக்கள் சொல்லி வந்தது. முஹர்ரம் பத்தாம் நாளிலும் அதையடுத்த நாள்களிலும் வீட்டுக்கு வீடு பானை ஏறும்.

கோதுமையை முதல் நாள் இரவே ஊறவைப்பார்கள். அது குழைந்து விடும் மாவுச்சத்தில்தான் பாயசம் கெட்டியாகும். கொண்டைக்கடலையும் வெள்ளை பீன்ஸும் தனியே வேகும். மாலத்தியா அப்ரிகாட், அத்தி, திராட்சை பிறகு. சர்க்கரை கடைசியில்தான்! நான் அவசரப்பட்டு முதலிலேயே போட்டேன். கடலை வேகாமல் பல்லுக்குத்தான் வேலை. ஆறியதும் மேலே மாதுளை முத்து, வால்நட், பட்டைத்தூள்.

பிறகு கிண்ணம் கிண்ணமாக அண்டை வீடுகளுக்குப் போகும். சமயம் கேட்பதில்லை. ஆர்மீனியக் கிறிஸ்தவர்களும் கோதுமையும் உலர்பழமும் சேர்த்து, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் ‘அனுஷாபூர்’ என்று இதைப் போலவே ஒன்றைச் செய்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அங்கே அலெவி மக்கள் இருக்கிறார்கள். 680-ஆம் ஆண்டு கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதை எண்ணி 12 நாள் நோன்பிருந்து, அதன் முடிவில் இதே ஆஷுரேயைக் காய்ச்சுகிறார்கள். ஒரு வீட்டில் நன்றி, அடுத்த வீட்டில் துக்கம்; பண்டம் ஒன்றுதான். அப்படியிருந்தும், ‘அலெவி கையால் சமைத்ததை உண்ணாதே’ என்ற வெறுப்பு அங்கே நெடுங்காலம் இருந்தது. 1993 ஜூலை 2-ஆம் தேதி, சிவாஸ் நகரில் அலெவி பண்பாட்டு விழாவுக்கு வந்தவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு ஒரு கும்பல் தீ வைத்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டுதோறும் ஆஷுரே காய்ச்சும் ஊர்தான் அது.

ஆகவே நெறியாளர் அவர்களே, பானை தானாக யாரையும் சேர்த்துவிடாது என்பதே என் கட்சி. நம் நாட்டிலும் முஹர்ரத்தில் ‘புபோர் ஆஷுரா’ கிண்டுகிறோம். கிளந்தானில் அதில் இறைச்சியும் சேரும். எங்கள் தாமானில் கிளந்தான்கார மலாய் அம்மா ஒருவர் முதன்முதலில் ஒரு கிண்ணம் நீட்டியபோது, “மாட்டிறைச்சி இருக்கா?” என்று தயங்கித்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மறு ஆண்டு எங்கள் வீட்டுக்கென்று இறைச்சி போடாமல் தனிச் சட்டியில் கிண்டிக்கொண்டு வந்தார்.