இரத்தம் கட்டாதிருக்க
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சம்பளப் பேச்சைச் சற்று ஒத்திவைத்து, இரத்தத்தைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறோம். நாம் மருத்துவரல்லோம், பேரேடு எழுதும் கிராணிமார். ஆயினும் இது தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் நம் லயங்களுக்குப் புதியவையல்ல. இவை நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இருதயத் துடிப்புத் தாறுமாறாவதும் மற்றவர்களைவிட அதிகம். அப்போது இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. இரத்தம் ஒரு மூலையில் தேங்குகிறது. தேங்கினால் என்னவாகும் என்று பால்வெட்டுக்காரருக்குச் சொல்லவா வேண்டும்? மங்கில் நின்ற பால் கட்டிப்போகிறதல்லவா! அவ்வாறு கட்டிய துண்டு ஓடிச்சென்று மூளையின் குழாயை அடைத்தால் அதுவே பக்கவாதம். இத்துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு அந்த அபாயம் ஏறக்குறைய 5 மடங்கு.

பால் கட்டாதிருக்க அமோனியா விடுகிறோம். இரத்தத்துக்கும் மருந்துண்டு. 1954 முதல் மனிதருக்கு வழங்கப்படும் வார்ஃபரின் அவற்றுள் பழையது. "அது எலி மருந்தாயிற்றே!" என்று சிலர் மாத்திரையை வீசிவிடுகிறார்கள். எலிக்கு வைப்பதும் அதே சரக்குத்தான், மறைப்பானேன்? ஆனால் மனிதருக்கு அளந்து கொடுக்கிறார்கள். ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையில் எண் 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் கட்டும், மிஞ்சினால் கசியும். கீரையை ஒருவாரம் குவியலாக உண்டு மறுவாரம் விட்டாலும் எண் ஆடும்.

சிறுநீரகம் கெட்டவருக்கு இருபுறமும் இடி. கட்டும் அபாயமும் கூடுதல், கசியும் அபாயமும் கூடுதல். புதிய மருந்துகளில் டபிகாட்ரான் சுமார் 80 விழுக்காடு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. அது பழுதானால் மருந்து உடம்பிலேயே தங்கும். அபிக்சபானில் அவ்வழி போவது சுமார் 27 விழுக்காடுதான். ஆகவே அடுத்த வீட்டார் மாத்திரை உங்களுக்கு ஆகாது. டயாலிசிஸ் செய்பவர் விஷயத்தில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே முடிவில்லை. ஆளைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்.

இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கும் டிக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், இரத்தக் கசிவையும் கூட்டும். வாளி சுமப்பவரிடம் இதைச் சொல்வது எளிது, கேட்டு நடப்பது கடினம், அறிவோம். வலி மருந்து கேட்குமுன் உங்கள் சிறுநீரகத்தையும், உண்ணும் இரத்த மருந்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பரிசோதனைக்குப் போனால் கூலி போகுமே என்கிறீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 5 ஆண்டு வேலை செய்தவருக்கு மருத்துவர் சீட்டின்பேரில் ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. சீட்டில்லாமல் திரும்பாதீர்கள். பரிசோதனை நாளுக்கு அது செல்லாதென்று நிர்வாகம் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.