கண் வருத்தம்: எது பொறுக்கும், எது பொறுக்காது?



கனகாலத்துக்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். பற்றை வெட்டுவது, கிணறு இறைப்பது, சீமெந்து குழைப்பது என்று வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இதற்கிடையில் கண்ணில் ஏதும் வந்தால், "நாளைக்குப் பார்ப்பம்" என்று விட்டுவிடுகிறோம். எல்லாக் கண் வருத்தமும் நாளை வரை பொறுக்காது.

கண் சிவந்து, பீளை தள்ளி, காலையில் இமை ஒட்டுவது கண்நோய். இது கிருமியால் வருகிறது. நோயாளியின் கண்ணைப் பார்ப்பதால் தொற்றாது. கையாலும் துவாயாலும் தலையணையாலும் பரவும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஆளுக்கொரு துவாய் பாவியுங்கள். அநேகமாக ஒன்றிரண்டு கிழமையில் மாறிவிடும். ஆனால் கடுமையாக நொந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், அல்லது பிறந்த குழந்தைக்கு வந்தால் உடனே வைத்தியரிடம் போங்கள்.

முள், இலை, நெல்லுமி கருவிழியில் கீறினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சின்னக் கீறலுக்குள்ளும் கிருமியோ பூஞ்சணமோ புகுந்து புண்ணாகலாம். புண் மாறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். கண்ணில் பூ விழுந்தது என்று நாங்கள் சொல்வது அதைத்தான். கண்ணைக் கசக்காதீர்கள். குத்தி நிற்பதை இழுக்காதீர்கள். முலைப்பால், இலைச்சாறு, முந்தி வாங்கி மிஞ்சிய துளிமருந்து ஒன்றும் விடாதீர்கள். சுண்ணாம்போ சீமெந்தோ பட்டால் மட்டும், அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் 20 நிமிடமாவது கழுவிவிட்டுப் போங்கள்.

வயதானவர்களுக்குப் பார்வை புகைமூட்டமாகத் தெரிந்தால், "வயசு போனால் அப்பிடித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் வெண்புரை. கண்ணின் வில்லை மங்குவதால் வருகிறது. துளிமருந்தால் மாறாது. சத்திரசிகிச்சை செய்து செயற்கை வில்லை வைத்தால் அநேகருக்குப் பார்வை திரும்பும். நீரிழிவு உள்ளவர்களுக்கு உட்கண்ணின் விழித்திரை பழுதாகலாம். அது நோகாது, தொடக்கத்தில் தெரியவும் மாட்டாது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது கண்ணைக் காட்டவேண்டும்.

இடப்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்துவிட்டதே என்று நிற்காதீர்கள். அரச வைத்தியசாலையில் புதிதாகப் பதியலாம்; வைத்தியரைப் பார்க்கக் காசு தேவையில்லை.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மம்மா, அப்பப்பா எல்லோரையும் ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் முற்றத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் ஒரேமாதிரித் தெரியாவிட்டால், அடுத்த கிளினிக் நாளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.