பழைய வீடா? முதலில் எர்த், அப்புறம் எஸ்.பி.டி.



கோடை இடியோ ஐப்பசி இடியோ, பலமாக இடித்த மறுநாள் காலையில் தெருவில் ரெண்டு பேராவது சொல்வார்கள்: "டிவி போச்சு", "மோடம் எரிஞ்சிருச்சு". மின்னல் நம்ம வீட்டு மேலேயே விழ வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி விழுந்தாலே போதும். 230 வோல்ட் வர வேண்டிய கம்பியில், கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் வந்து போய்விடும். இதைத்தான் சர்ஜ் என்கிறோம்.

"எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கே, ஸ்டெபிலைசர் இருக்கே" என்று கேட்பீர்கள். எம்.சி.பி. இருப்பது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும். ஸ்டெபிலைசர் இருப்பது மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜுக்கு. சர்ஜைத் தடுக்கும் வேகம் இரண்டுக்கும் கிடையாது. அதற்கென்றே உள்ள கருவிதான் எஸ்.பி.டி. மெயின் போர்டில் எம்.சி.பி. பக்கத்தில் பொருத்துகிற சின்னப் பெட்டி அது. வோல்டேஜ் அளவு மீறினால், அந்த அதிகப்படி மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளிவிடும்.

பழைய வீட்டுக்காரர்கள் இங்கேதான் கவனிக்கணும். தள்ளிவிடுவதற்கு உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?

முப்பது, நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீடுகள் பலவற்றில் பிளக் பாயிண்டுக்கு எர்த் வயரே போயிருக்காது. எர்த் குழி இருந்தாலும் தண்ணீர் காணாமல் காய்ந்திருக்கும். இல்லையென்றால் டைல்ஸுக்கு அடியில் மறைந்திருக்கும். சில வீடுகளில் மூன்றாவது பின்னை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கி வைத்திருப்பார்கள். இது ரொம்ப ஆபத்து. நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ் கதவே ஷாக் அடிக்கும். டிவி போனால் வாங்கிக்கொள்ளலாம், உயிர் போனால்?

அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில், தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேனை அழைத்து, மீட்டர் வைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். சரியில்லை என்றால் புது எர்த் குழி போடுங்கள். பிளக் பாயிண்டுகளுக்கு எர்த் வயர் இழுங்கள்.

இரண்டாவது, பழைய ஃபியூஸ் கேரியர் போர்டை மாற்றி எம்.சி.பி.யும், ஷாக்கிலிருந்து காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள்.

மூன்றாவதாகத்தான் எஸ்.பி.டி. வீட்டு மெயின் போர்டுக்குப் பொதுவாக 'டைப் 2' வாங்குவார்கள். மொட்டை மாடியில் இடிதாங்கி இருந்தால் 'டைப் 1' கூடச் சேர்ந்தது வேண்டும். கருவிக்குப் போகும் வயர் சுற்றி வளைக்காமல் அரை மீட்டருக்குள் இருக்கணும். வயர் நீண்டால் பாதுகாப்பு குறையும். மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் அதற்கான கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. எஸ்.பி.டி. தேய்கிற பொருள். பெரும்பாலானவற்றில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். பச்சை என்றால் நல்ல நிலை, சிவப்பு என்றால் மாற்றணும். மாதம் ஒருமுறை, பலத்த இடிக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள். கைபேசியில் நினைவூட்டல் வைத்தால் மறக்காது.

இந்தக் கருவியால் முடியாததும் உண்டு. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட வரலாம். அது நிமிடக்கணக்கில் நீடிக்கும் என்பதால் எஸ்.பி.டி. தாங்காது. சில லைட் கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்து, சில மங்கினால், உடனே மெயினை அணைத்துவிட்டு மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். டிவி கேபிள், இன்டர்நெட் கேபிள் வழியாகவும் சர்ஜ் வரும். ஆகவே மேகம் கறுத்து, இடி தொடங்கும் முன்பே அவற்றையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இடிக்கத் தொடங்கிவிட்டால் வயரைத் தொடாதீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை: உங்கள் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், கடைக்குப் போகும் முன் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.