உயர்ந்த கோபுரங்களிலிருந்து மேலெழும் மின்னல்

(திருமுல்கேரியில் மாணவர்களிடையேயும் அலுவலர்களிடையேயும் ஆற்றிய உரை)

மின்னல் மேகத்திலிருந்து மண்ணுக்கு இறங்குவது என்பதே நாம் அனைவரும் அறிந்தது. ஆனால், சுமார் 100 மீட்டருக்கு மேற்பட்ட அமைப்புகளின் உச்சியிலிருந்து அது மேகத்தை நோக்கிப் புறப்படுவதும் உண்டு. நியூயார்க்கில் 381 மீட்டர் உயரமுள்ள எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 1930களில் நடைபெற்ற ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டின.

பொருளியல் பயின்றவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் வினவலாம். 1986-ல் தூத்துக்குடிப் பகுதியில் நிறுவப்பெற்ற காற்றாலைகள் உயரம் குறைந்தவை. இன்றைய பெரிய காற்றாலைகளின் இறக்கை நுனியோ 150 மீட்டரையும் கடந்துவிட்டது. இறக்கை ஒன்று பிளந்தால் பழுதுச் செலவோடு உற்பத்தி இழப்பும் சேர்கிறது.

உயரம் மட்டுமே காரணமன்று. வானிலையும் துணை நிற்கவேண்டும். இடிமேகத்தின் எதிர்மின்னூட்டம் பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழே 10 முதல் 20 பாகை வரை குளிர்ந்த அடுக்கில் திரள்கிறது. நம் நாட்டுக் கோடையில் அவ்வடுக்கு 6 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும். ஐதராபாத் மேட்டுநிலம் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தும், அத்தொலைவின்முன் அது பெரிதன்று. இத்தகைய சூழலில் கோபுரம் தானாக மின்னலைத் தொடங்குவது அரிது. அருகில் வேறொரு மின்னல் பாய்ந்து மின்புலம் சட்டென மாறும்போதே பெரும்பாலும் தொடங்கும். ஜப்பானின் ஹொக்குரிகு கடற்கரையில் நிலைமை வேறு. குளிர்காலத்தில் சைபீரியக் காற்று வெதுவெதுப்பான கடலைக் கடந்து வருவதால் தாழ்ந்த இடிமேகங்கள் உருவாகின்றன. மின்னூட்ட அடுக்கும் தரையை நெருங்குகிறது. அங்கே கோபுரமே முந்திக்கொள்கிறது. காற்றின் வேகமும் கருதத்தக்கது. உச்சியில் கசிந்து திரளும் மின்னூட்டம் ஒரு திரைபோல் மின்புலத்தைத் தணிக்கும். பலத்த காற்றும் சுழலும் இறக்கையும் அத்திரையைக் கலைத்துவிடுகின்றன.

அலுவலர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மேலெழும் மின்னலில் சில நூறு ஆம்பியர் மின்னோட்டம் நீடித்துப் பாயும். திடீர் வீச்சு இல்லாமலும் போகலாம். ஆஸ்திரியாவின் கைஸ்பெர்க் கோபுரத்தில் 100 மீட்டர் உயரத்திலேயே, மேலெழுந்த மின்னல்களில் ஏறத்தாழப் பாதி அத்தகையவை. திடீர் வீச்சையே நம்பியிருக்கும் மின்னல் உணர்வி வலையமைப்புகள் அவற்றைத் தவறவிடுகின்றன. ஆகவே, 'அன்று அவ்விடத்தில் மின்னல் பதிவாகவில்லை' என்னும் ஒரு வரியைக் கொண்டு இழப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளுவது முறையன்று. ஆரல்வாய்மொழிப் பகுதியில் ஐப்பசிப் பிற்பகல்களில் இடிமழை வழக்கமானது. அங்கிருந்து வரும் கோரிக்கையுடன் அந்த நேரத்துக் காற்றின் வேகம், அருகில் பதிவான பிற மின்னல்கள், இறக்கையின் மின்னோட்டப் பதிவு ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுங்கள்.