குரங்குக்கு ராமன் பெயர்

(செந்துறையில் பேசியதன் சாரம்)



இந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் தோண்டினால் நத்தை போலச் சுருண்ட கல்லும் சிப்பிக் கல்லும் வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே குரங்கின் எலும்பு ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு தோழர் கேட்டார். அக்காலத்தில் இது கடல். கடலடியில் குரங்கு ஏது? அன்றியும் இக்கற்களில் பெரும்பாலானவை 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முற்பட்டவை. குரங்கினம் தலையெடுத்ததோ அதற்குப் பிறகு.

அதற்கு நாம் வடக்கே சிவாலிக் குன்றுகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே கிடைத்த வாலில்லாக் குரங்குக்கு 1910-ல் பில்கிரிம் என்பவர் சிவபிதிகஸ் என்று பெயர் வைத்தார். பிதிகஸ் என்றால் கிரேக்க பாஷையில் குரங்கு. 1932-ல் லூயிஸ் என்ற அமெரிக்க மாணவர் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்து, 1934-ல் ராமபிதிகஸ் என்றார். சுக்ரீவனையும் பிரம்மாவையும்கூட அவர் விடவில்லை. நம்மவர் யாராவது இப்படிப் பெயர் வைத்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பார்!

வேடிக்கை பிறகுதான். கிடைத்தது பாதித் தாடை. மீதியை 1960-களில் சைமன்ஸ் முதலியோர் மனிதத் தாடை போல வளைத்து நிரப்பிக்கொண்டு, இதுவே மனிதனுக்கு மூதாதை என்றார்கள். 1967-ல் சாரிச், வில்சன் என்ற இருவர் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து சுமார் 50 லட்சம் வருஷமே ஆகிறது, அதைவிட எத்தனையோ பழமையான பிராணி மனித வரிசையில் எப்படிச் சேரும் என்று கேட்டார்கள். எலும்புக்காரர்கள் ஒப்பவில்லை. 1976-ல் முழுத் தாடை கிடைத்தது. மனித வளைவு அதில் இல்லை. 1982-ல் வெளியான சிவபிதிகஸின் முகமோ ஒராங்குட்டானை ஒத்திருந்தது. ராமபிதிகஸ் என்று தனி இனமே கிடையாது, அதுவும் சிவபிதிகஸ்தான், ஒருவேளை அதன் பெண்ணாயிருக்கலாம் என்று முடிவாயிற்று. சைவ வைஷ்ணவச் சண்டைக்காரர்கள் கவனிப்பார்களாக!

"நேற்று மனிதன் என்றீர்கள், இன்று குரங்கு என்கிறீர்கள், எங்கள் சாஸ்திரம் மாறுவதுண்டா?" என்று பண்டிதர்கள் கேட்கக்கூடும். மாற்றியவர் யார் தெரியுமா? மனித மூதாதை என்று முன்பு வாதாடிய பில்பீம் என்பவரே அந்த முகத்தை வெளியிட்டுத் தம் வாதத்தைத் தாமே தள்ளினார். இப்படிச் செய்த ஒரு சாஸ்திரியை நாம் இதுவரை கண்டதில்லை.

குஜராத்தில் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலும் இதே கதைதான். சுமார் 5 கோடியே 40 லட்சம் வருஷத்துச் சின்னஞ்சிறு பற்களை 2008-ல் ஆந்த்ராசிமியாஸ் என்று பெயரிட்டுக் குரங்கு வரிசையில் சேர்த்தார்கள். 2009-ல் வேறொரு கூட்டத்தார், இது முன்பே பெயரிட்ட மார்க்கோடினோஷியா, நம் தேவாங்கின் பக்கத்து உறவு என்று மறுத்தார்கள்.

ஆகையால் உங்கள் கொல்லையில் கல்லில் எலும்போ சிப்பியோ அகப்பட்டால் உடைக்கவும் வேண்டாம், மஞ்சள் குங்குமம் வைக்கவும் வேண்டாம். எந்த நிலம், எத்தனை அடி ஆழம், மேலே என்ன மண், கீழே என்ன பாறை என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பில்லாத கல்லை எந்த வரிசையில் வைப்பதென்று எந்த ஆராய்ச்சிக்காரரும் திணறவேண்டியதுதான்.