பாறை ஏறுவோர்க்கு ஏற்ற பை



பிழைப்பை முன்னிட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் புதியதோர் ஆர்வம் தலையெடுத்து வருகின்றது. வாரம் முழுவதும் கல்லூரியிலும் அலுவலகத்திலும் அடைந்து கிடக்கும் இளைஞர்கள், ஞாயிறு வந்ததும் பாறை ஏறப் புறப்பட்டு விடுகின்றனர். நாம் வாழும் தோப்பும்படியோ காயலும் கடலும் சூழ்ந்த சமநிலம். ஆயினும் கிழக்கே சில மணி நேரம் பயணம் செய்தால் மேற்குத் தொடர்ச்சி மலை எதிர்ப்படுகின்றது. பெங்களூர்த் தமிழர்க்கு இராமநகரப் பாறைகள் அருகிலேயே உள்ளன. போகத் துணிந்த பிள்ளையைத் தடுப்பது எளிதன்று. தக்க பையைத் தேர்ந்து கொடுப்பது நம்மால் இயலும். அதற்குரிய அளவுகோல்களை இன்று ஆராய்வோம்.

கடைக்குச் செல்வதற்கு முன் பையில் எவை செல்லும் என்று கணக்கிட வேண்டும். முதற் பொருள் தண்ணீர். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், பாலக்காட்டு மலம்புழையை அடுத்த சேராட்டுக் குன்றில் ஏறிய ஓர் இளைஞர், செங்குத்தான பாறை இடுக்கில் சிக்கி, உணவும் நீருமின்றி நாற்பது மணி நேரத்துக்கு மேல் தவித்தார். வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த இராணுவ வீரர்கள் கயிற்றின் வழியே இறங்கி அவரை மீட்டனர். அவர்கள் முதலில் அளித்தது தண்ணீரே. ஒரு பகற்பொழுதுக்கு மூன்று லிட்டர் நீர் கொள்ளாத பை எவ்வளவு அழகாயிருந்தாலும் நமக்கு வேண்டா.

நீர் மூன்று கிலோ. உணவு அரைக் கிலோ. தலைக்கவசம், இடுப்பு வார், ஏறுவதற்கான காலணி ஆகியவை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கைவிளக்கு, மழைச்சட்டை, முதலுதவிப் பொருள்கள் ஒரு கிலோ. ஆக ஆறு கிலோ. இவற்றுக்கு 20 முதல் 25 லிட்டர் கொள்ளளவு போதும். அறுபது மீட்டர்க் கயிற்றையும் சுமப்பவர்க்கு மேலும் நான்கு கிலோ சேரும். அவர் 35 லிட்டர்ப் பையை நாடுவது நலம். தேவைக்கு மிஞ்சிய பெரிய பை, தேவையற்றவற்றையும் அடைக்கத் தூண்டும்.

அடுத்தது பொருத்தம். பையின் அளவை உயரத்தால் அன்றி முதுகின் நீளத்தால் தீர்மானிக்க வேண்டும். கழுத்தடி எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை உள்ளது அந்நீளம். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஆறு கிலோ எடையை உள்ளே இட்டு மூன்று சோதனைகள் செய்க. தலைக்கவசம் அணிந்து அண்ணாந்து பார்த்தால் பை இடிக்கலாகாது. இரு கைகளையும் உயர்த்தினால் தோள்வார் அறுக்கலாகாது. முழங்காலை மார்பளவு தூக்கினால் இடுப்புப்பட்டை தடுக்கலாகாது. பாறை ஏறுவோர் இடுப்பில் பாதுகாப்பு வாரும் அணிவர். ஆதலின் பையின் இடுப்புப்பட்டை கழற்றத்தக்கதாய் இருத்தல் நன்று. வெளிப்புறத்தில் தொங்கும் வலைப்பைகளும் நாடாக்களும் நடைப்பயணத்துக்கு வசதியே. பாறையிலோ அவை முனைகளில் மாட்டிக்கொண்டு, ஏறுபவரைப் பின்னோக்கி இழுக்கும்.

துணியின் தடிப்பை டெனியர் என்னும் அளவால் குறிப்பர். ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். பாறையில் உராயும் அடிப்பகுதிக்கு மற்றப் பகுதிகளைவிடத் தடித்த நூல் வேண்டும். ஆனால் தடித்த துணி ஒன்றே போதாது. தோள்வார் பையோடு சேரும் இடத்தில் தையல் பன்முறை குறுக்காக ஓடியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். சுமை முழுவதும் அந்த இரண்டங்குலத் தையலைத்தான் நம்பியிருக்கின்றது.

கொச்சி போன்ற ஈரக்காற்று நகரங்களில் வாழ்வோர்க்கு மற்றொரு கவலையும் உண்டு. நீர் புகாதிருக்கத் துணியின் உட்புறம் பூசப்படும் பாலியூரிதேன், ஈரத்தில் நாளடைவில் சிதைந்து பிசுபிசுத்து உரிந்துவிடும். நனைந்த பையைப் பெட்டியில் அடைத்து வைத்தால் ஒரு பருவமழைக்குப் பின் அதனை அடையாளம் காண்பதே அரிது. பயணம் முடிந்ததும் நன்னீரில் கழுவி, நிழலில் முற்றிலும் உலர்த்தி, காற்றாடும் இடத்தில் தொங்கவிட வேண்டும். கடுவெயிலும் ஆகாது, அது நைலான் இழையை நலிவிக்கும்.

இங்குக் கூறிய தகுதிகளுள் விலை இடம்பெறாததை நேயர்கள் கவனித்திருக்கலாம். விலை மிக்கது எல்லாம் நல்லதன்று. தையலும் பொருத்தமும் தேறிய எளிய பையே போதும். மீதமாகும் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுக. டார்ஜிலிங்கில் 1954இலும் உத்தரகாசியில் 1965இலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் தோன்றியதன் கருத்தே, துணிவுக்குக் கல்வி துணையாக வேண்டும் என்பதுதான். தேர்ந்த துணைவரும், வனத்துறையின் அனுமதியும், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிச் செல்லும் பழக்கமும் எந்தப் பையிலும் விலைக்குக் கிடைப்பன அல்ல. அவற்றைப் பிள்ளைகள் நம்மிடமிருந்தே பெற வேண்டும்.